குழாய் பெருத்தா குதிரை பெருக்குமா?

இன்னா கண்ணு, ஜீப்புக்கு சைலன்சர் மாத்தப் போறியாமே? தெருவே பேசிக்கினு இருக்குது. அதுவும் ஒர்க்‌ஷாப்ல விடாம வீட்டு வாசல்லயே, வேப்பமரத்து நெழல்லயே பண்ணப் போறியாம். நல்லது. செய். நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறன்? கெழவன் சொன்னா கேக்குற வயசா உனக்கு? ஆனா ஸ்பானரைத் தொடறதுக்கு முன்னாடி இப்பிடி ரவ நேரம் திண்ணையில குந்து. காசா, பணமா? காதைக் குடு, போதும்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. வண்டிக்கு இன்னா நோவு? ஏத்தத்துல இழுக்கலியா? டீசல் அதிகமா குடிக்குதா? பழைய குழாய் துருப்பிடிச்சி ஓட்டையா? இல்ல, பக்கத்துத் தெரு பையன் வண்டி உன் வண்டியைவிட ஒசத்தியா உறுமுதா? தோ பாரு, கடைசிக் கேள்விக்குத் தலையைக் குனிஞ்சிட்ட. அங்கியே எனக்கு வெளங்கிப் போச்சி.

நீ வச்சிருக்கிறது பழைய தார். 2010ல வெளிய வந்த மாடல். ரெண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ, 105 குதிரை சக்தி. நாலு சக்கரமும் இழுக்கும். காடு, மேடு, சேறு எல்லாம் ஏறும்னுதான வாங்கின? கியர் லீவருக்குப் பக்கத்துல இன்னொரு லீவர் இருக்குதே, அதைக் கடைசியா எப்பத் தொட்ட? மாசி மாசமா, ஆடி மாசமா? சிலந்தி அதுல குடித்தனம் வச்சிடுச்சி கண்ணு. அடி அண்ணாமலையில இருந்து டவுனுக்குப் போய் பால் பாக்கெட் வாங்கியாற, ரெண்டு சக்கரம் இழுத்தாலே மிச்சம். அதுக்கு 105 குதிரை பத்தலன்னு உனக்குக் கவலை!

நான் ஓட்டின காலத்துல ஜீப்புன்னா எம்எம் 540. பிஜோ டீசல் எஞ்சின். டர்போவும் கெடையாது, கம்ப்யூட்டரும் கெடையாது. போளூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் ஏத்தத்துல, உள்ள சாமை மூட்டை, புளி மூட்டை, மூட்டை மேல ஜனங்க, பின்னாடி தொங்கிக்கினு ரெண்டு பேரு. ஏறிச்சா, ஏறலியா? மெதுவா ஏறிச்சி. வளைவுக்கு வளைவு நின்னு தண்ணி குடிச்சிட்டு ஏறிச்சி. சத்தம் போட்டா ஏத்தம் கொறையும்னா நாங்க எல்லாரும் எறங்கிக் கத்திக்கினே நடந்திருப்போமே! ஜவ்வாது மலைக்குச் சத்தமும் தெரியாது, ஸ்டிக்கரும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடை ஒண்ணுதான்.

சரி, உன் கையில இருக்கிற அந்தப் போனை ரவ கீழ வையி. மூணு இஞ்ச் குழாய் போட்டா முப்பது குதிரை ஏறும்னு எவனோ சொல்றான், நீயும் தலையாட்டுற. எப்பிடி ஏறும்னு அவனைக் கேட்டியா?

கேட்டுக்கோ. எஞ்சின்ல எரிஞ்ச புகை வெளிய வருதே, அது சும்மா போவுறதில்ல. போற வழியில டர்போவோட சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டுப் போவுது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும் அது. அந்தச் சுத்துல இந்தாண்ட இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். நம்ம ஏரி மதகைப் பாத்திருக்கியே. தண்ணி வேகமாப் பாயணும்னா இந்தாண்ட ஏரி ரொம்பினா மட்டும் போதாது. அந்தாண்ட வாய்க்கால்ல தண்ணி தேங்கி நிக்கக் கூடாது. டர்போவுக்கும் அதே கணக்கு. அதுக்கு அந்தாண்ட குழாய் தாராளமா இருந்தா டர்போ ரவ சீக்கிரம் முழிச்சிக்கும். ஏத்தத்துல சுமையோட ஏறும்போது புகையோட சூடு 600 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடும் கொஞ்சம் தணியும். அதுவரைக்கும் உன் போன்காரன் சொல்றது மெய்யாலும் மெய்தான். இல்லன்னு சொல்ல மாட்டன்.

அதுக்கப்புறம்தான் பொய் ஆரம்பிக்குது. டீசல் எஞ்சினுக்கு பலம் எங்க இருந்து வருது? உள்ள பீச்சுற டீசல்ல இருந்து. எம்மாம் பீச்சணும்னு முடிவு பண்றது யாரு? உன் வண்டியில இருக்கிற கம்ப்யூட்டரு. பின்னாடி குழாயை நீ மாத்தினது அதுக்கு எப்பிடித் தெரியும்? நீ போய் அது காதுல சொல்லுவியா? அது எப்பவும் போலத்தான் அளந்து ஊத்தும். அப்ப வெறும் குழாயை மட்டும் மாத்தினா கெடைக்கிறது விரல்ல எண்ணுற குதிரைங்க. அதுவும் நொண்டிக் குதிரைங்க. டர்போ இல்லாத பழைய வண்டின்னா இன்னும் மோசம். குழாய் ரொம்பப் பெருத்தா புகையோட வேகம் செத்துடும், அடுத்த புகையை இழுத்துக்கினு போவாது. இருக்கிற இழுவையும் போவும். உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணான்னு நிப்ப.

கணக்கு தெரியுமா உனக்கு? ரெண்டு இஞ்ச் குழாயை மூணு இஞ்ச் ஆக்கினா வாய் ஒன்றரை மடங்குன்னுதான நெனச்ச? ரெண்டேகால் மடங்கு கண்ணு. வட்டத்தோட கணக்கு அப்பிடி. ரெண்டேகால் மடங்கு வாயைத் தெறந்து வச்சா உள்ள இருந்து இன்னா வரும்? இருக்கிறதுதான வரும்.

உடனே நீ கேப்ப, “அப்ப கம்ப்யூட்டரையும் மாத்திட்டா?” தெரியும் எனக்கு, நீ கேப்பன்னு. டீசலைக் கூட ஊத்தச் சொல்லி எழுதி விட்டுட்டா வண்டி இழுக்கும்தான். காத்து பத்தலன்னா கூடவே கறுப்பா புகையும் கக்கும். அதைப் பாத்துட்டு பசங்க விசில் அடிப்பாங்க. கறுப்புப் புகைன்னா இன்னா தெரியுமா? எரியாமப் போன டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல குடுத்து வாங்கி, பின்னாடி வர்றவன் மூஞ்சியில பூசிக்கினு போற. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 2012லியே சொல்லிட்டாங்க, டீசல் புகை மனுசனுக்குப் புத்துநோய் குடுக்கும்னு. நீ பெருமைன்னு கக்குறது அதைத்தான்.

புகையைப் பாத்தே நோவைச் சொல்லலாம், கத்துக்கோ. கறுப்பா வந்தா டீசல் அதிகம், இல்ல காத்து கம்மி. நீலமா வந்தா ஆயில் எரியுது. சூடேறினதுக்கு அப்புறமும் வெள்ளையா வந்தா டீசல் எரியாமப் போவுது, இல்ல ரேடியேட்டர் தண்ணி உள்ள எறங்குது. மூணுக்கும் மருந்து வேற வேற. மூணுக்குமே சைலன்சர் மருந்து இல்ல. இழுக்கலன்னா மொதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாரு. நம்ம மல்லாட்டைக் கொல்லை புழுதி முழுக்க அதுலதான் குந்திக்கினு இருக்கும். டர்போவுல இருந்து போற ரப்பர் ஓஸ்ல வெடிப்பு இருக்குதான்னு தடவிப் பாரு. டயர்ல காத்து பாரு. பிரேக் பிடிச்சிக்கினே ஓடுதான்னு பாரு. இதெல்லாம் பாக்க எம்மாம் செலவு? ஒரு சாயங்காலம், ஒரு சோப்பு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்ன்ற கதையா, ஃபில்டரைத் தட்டத் தெரியாதவனுக்குக் குழாய் சின்னதாம்!

இப்ப சத்தத்துக்கு வருவோம். அதுதான உன் ஆசை? மறைக்காத.

சைலன்சர்ல ரெண்டு சாதி. ஒண்ணு உள்ள அறை அறையா தடுத்திருப்பான். புகை அங்க முட்டி இங்க முட்டி, சத்தத்தைத் தொலைச்சிட்டு வெளிய வரும். இன்னொண்ணுல நேரா ஒரு குழாய். குழாய் முழுக்க ஓட்டை. சுத்தி கண்ணாடிப் பஞ்சு ரொப்பியிருப்பான். புகை தடையில்லாம நேராப் போவும், சத்தம் மட்டும் பஞ்சுல மாட்டிக்கும். அதுவும் இல்லாம, டர்போன்றதே பாதி சைலன்சர் கண்ணு. அந்தச் சக்கரத்துல அடிபட்டே பாதி சத்தம் செத்துடும். அப்ப நல்ல ஆளு நல்லா செஞ்சா, புகையும் தாராளமா போவும், சத்தமும் அடங்கி இருக்கும். ரெண்டும் ஒண்ணா கெடைக்கும். சத்தம் வந்தாதான் பலம்னு ஒருத்தன் சொன்னான்னா, அவன் பலத்தை விக்கல, சத்தத்தை விக்கிறான். நிறைகுடம் தளும்பாதுன்னு படிச்சிருப்பியே, பள்ளிக்கூடத்துல? பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டியா?

எந்த ஊர்ல சத்தம் போடப் போறன்னும் ரவ யோசி. இது இன்னா ஊரு? ரமணர் 1896ல வந்து எறங்கி, 1950 வரைக்கும் இந்த அண்ணாமலையை விட்டு நகராம, வாயைத் தெறக்காமலே பாடம் சொன்ன ஊரு. மௌனத்தைத் தேடிக்கினு சீமையில இருந்தெல்லாம் டிக்கெட் போட்டு வர்றாங்க. நீ இங்கியே பொறந்துட்டு, சத்தத்தைக் காசு குடுத்து வாங்குற! பௌர்ணமி ராத்திரி மலையைச் சுத்தி 14 கிலோமீட்டரு, கால்ல செருப்பு இல்லாம, கொழந்தையை இடுப்புல தூக்கிக்கினு ஜனங்க நடந்து வருது. அவங்க முதுகுக்குப் பின்னாடி நீ ஒரு உறுமு உறுமினா அதுல ஒரு கெழவி இன்னா நெனப்பா? “தம்பி வண்டிக்கு மூணு இஞ்ச் குழாய் போலிருக்குதே”ன்னா? உன் மூணு தலைமுறையையும் இழுத்து வச்சி அர்ச்சனை பண்ணுவா. கோயில்ல பண்றதைவிட அந்த அர்ச்சனை சீக்கிரம் பலிக்கும்.

சட்டமும் இருக்குது. குடியிருப்புல ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் 45 டெசிபல்தான் கணக்கு. அது 2000த்துல வந்த விதி. வண்டியை உன் இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு குறுக்க நிக்குது. கம்பெனிக்காரன் குடுத்த அளவுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சி. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் ஏத்தினாங்க. விதியை மீறி வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள. சத்தமோ புகையோ வரம்பு மீறினா 10,000 வரைக்கும் அபராதம், இல்ல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். லைசென்ஸும் மூணு மாசத்துக்குப் போயிடும். சில ஊர்ல போலீஸ்காரங்க பிடிச்ச சைலன்சரை எல்லாம் ரோட்டுல வரிசையா படுக்க வச்சி ரோடு ரோலரை ஏத்தினாங்க, பாத்தியா? மாசக்கணக்கா துட்டு சேத்து வாங்கினது. அப்பளம்!

புகை சர்டிபிகேட் எடுக்கப் போனா அங்க ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கிப் புகையை அளப்பான். பிஎஸ் 4 வண்டிக்கு 50தான் வரம்பு, அதுக்கு முந்தின வண்டிக்கு 65. நீ கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச வித்தை எல்லாம் அந்த மெஷின்ல கறுப்பா வந்து குந்திக்கும்.

உன் சிநேகிதன் ஒருத்தன் புதுத் தார் வச்சிருக்கானே, அவனையும் இப்பிடிக் கூப்புடு. அது 2020ல வந்த பிஎஸ் 6 வண்டி. அதோட குழாய்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கும். புகையில வர்ற கரியை எல்லாம் பிடிச்சி வச்சிக்கும். ரொம்பினதும் 600 டிகிரி அளவுக்குச் சூடேத்தி, அதுவே எரிச்சி சாம்பலாக்கிடும். அதுக்கு வண்டி ரவ தூரம் ஒரே வேகத்துல ஓடணும். இவன் இன்னா பண்றான்? டவுனுக்குள்ளயே உருட்டிக்கினு இருக்கான். மிஞ்சிப்போனா மலையைச் சுத்தி ஒரு ரவுண்டு, அதுவும் பத்து எடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினு. வண்டியில கிரிவலம் வந்தா புண்ணியமும் இல்ல, வடிகட்டியும் எரியாது! அப்புறம் மஞ்ச லைட்டு எரியுதுன்னு அலறுறான். அதைக் கழட்டி வீசிடலாம்னு ஒருத்தன் யோசனை சொல்றான். அடேய், திண்டிவனம் ரோட்டுல அரை மணி நேரம் ஒரே சீரா ஓட்டிட்டு வா. பெரும்பாலும் லைட்டு தானே அணைஞ்சிடும். அப்பவும் எரிஞ்சா கம்பெனி ஷெட்டுல காட்டு. நம்ம எல்லார் நெஞ்சுக்கும் அது ஒரு காவலு. காவக்காரனைக் கொன்னுட்டு கதவு தெறந்திருக்குதுன்னு சந்தோசப்படுவியா?

உன் வண்டிக்கும் ஒரு எச்சரிக்கை. குழாய் மாத்துறவன் ஒருத்தன் வந்து, “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேஸ்ட்டு சார், கழட்டிடலாம். பழசை நானே வச்சிக்கிறன், கூலியில 500 கொறைச்சிக்கிறன்”னு சொன்னா, பல்லைக் காட்டிக்கினு சரின்னு சொல்லாத. அந்த டப்பாவுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம்னு ஒசந்த உலோகம் பூசியிருக்குது. அவன் உன்கிட்ட கொறைச்சது 500. எடைக்குப் போட்டு அவன் பாத்தது எவ்வளவுன்னு அவன் மச்சானைத்தான் கேக்கணும். நீ புகையும் கக்கிக்கினு, அபராதமும் கட்டிக்கினு, அவனுக்கு நன்றியும் சொல்லிக்கினு நிப்ப.

இவ்வளவும் கேட்டுட்டு அப்பவும் மாத்துவன்னு சொல்ற. சரி. பழைய குழாய் மெய்யாலும் துருப்பிடிச்சி இத்துப் போச்சின்னு வையி. மாத்திதான் ஆவணும். அப்ப ஒழுங்கா எப்பிடி மாத்துறதுன்னு சொல்றன், கேளு. இதுக்குமேல வெளையாட்டு இல்ல.

ஜாக்கியை மண்ணுல வச்சி ஏத்தாத. நேத்து பேஞ்ச மழையில மண்ணு இன்னும் ஈரம். தரையில கெட்டியான பலகை போடு. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையை விட்டவன் எவனும் எனக்குப் புத்திசாலியாத் தெரியல. ஸ்டாண்டு வாங்கி முட்டுக் குடு. கட்டுமான வேலை மிச்சத்துல கெடந்த ஹாலோ பிளாக்கை அண்டக் குடுக்காத, அது சொல்லாம கொள்ளாம பொளக்கும். தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வையி. வண்டி முழுக்க ஆறினதுக்கு அப்புறம் கையை வையி. வேலையில காட்டுற அவசரத்தைத் தோல்ல வாங்கிக்காத.

போல்ட்டு எல்லாம் துரு ஏறி, தலை எது, உடம்பு எதுன்னு தெரியாம இருக்கும். மொத நாள் ராத்திரியே துரு எறக்குற ஆயிலை ஊத்தி ஊற விடு. காலையில எழுந்து இன்னொரு வாட்டி ஊத்து. ஸ்பானரைப் போட்டதும் யானை பலத்தைக் காட்டாத. ரவ இறுக்கு, ரவ தளர்த்து, ரவ இறுக்கு, ரவ தளர்த்து. அப்பிடியே அசைஞ்சி குடுக்கும். டர்போகிட்ட இருக்கிற ஸ்டட்டு ஒண்ணு முறிஞ்சா, வாசல்ல ஆரம்பிச்ச வேலை லேத்துப் பட்டறையில போய் முடியும். அண்ணாந்து பாத்துக் கழட்டும்போது துரு கண்ணுல கொட்டும். கூலிங் கிளாஸ் போட்டு செல்ஃபி எடுக்கத் தெரியுதில்ல? அந்த நேரத்துல ஒரு கண்ணாடி போடேன்.

குழாய் வாங்கும்போது கொல்லையில கெடக்கிற போர்வெல்லு ஜிஐ பைப்பைத் தூக்கிக்கினு வராத. “எல்லாம் இரும்புதான தாத்தா”ன்னுவ. அது மேல துத்தநாகம் பூசியிருக்குது. வெல்டிங் வச்சா வெள்ளையா ஒரு புகை வரும். பகல்ல அதை மூக்குல ஏத்தினா ராத்திரி குளிர் ஜுரம் வந்து போர்வை கேப்ப. வண்டிக்குன்னு வர்ற ஸ்டீல் குழாயே வாங்கு. எவர்சில்வர்லயே 409னு ஒரு ரகம் இருக்குது. நெறைய கம்பெனிக்காரங்களே போடுறது அதுதான். 304 இன்னும் ஒசத்தி, வெலையும் ஒசத்தி. வளைவுல குழாய் நசுங்கியிருக்குதான்னு தடவிப் பாரு. நேரா இருக்கிற எடத்துல மூணு இஞ்ச் இருந்து, வளையுற எடத்துல நசுங்கி ரெண்டு இஞ்ச் ஆச்சின்னா நீ காசு குடுத்தது எதுக்கு? அந்தக் காலத்துல பட்டறையில குழாய்க்குள்ள மணலை ரொப்பி, சூடு காட்டி, நசுங்காம வளைச்சாங்க. இப்ப மெஷின்லயே உள்ள குண்டு விட்டு வளைச்சிக் குடுக்கிறான்.

வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டு. இல்லன்னா உன் கம்ப்யூட்டரு ஒரு பொறியில கைலாசம் போயிடும். எர்த் கிளிப்பை வெல்டு வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டு. வண்டி நாலு காலுல தரையில நிக்கும்போது குழாயை எடத்துல வச்சிப் பாத்து, பொட்டுப் பொட்டா ஒட்டு. அப்புறம் வெளிய கழட்டிக் கொண்டாந்து முழுசா வெல்டு வையி. டீசல் டேங்குகிட்ட வெல்டு பொறி பறக்க விட்டா, கார்த்திகைக்கு முன்னாடியே உன் வாசல்ல தீபம்.

எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவுல வளைஞ்சி குடுக்குற ஃபிளெக்ஸ் துண்டு ஒண்ணு வையி. இல்லன்னா எங்கியாவது விரிசல் விடும். குழாயைத் தொங்க விட ரப்பர் போடு, கம்பி கட்டித் தொங்க விடாத.

நாலு சக்கர வண்டிக்குன்னே ஒரு பாடம் இருக்குது. கார்க்காரனுக்கு இது தேவையில்ல. பின்னாடி உனக்கு இருக்கிறது பட்டை ஸ்பிரிங்கு. பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கி, ஒரு சக்கரம் மேல ஏறும்போது ஆக்சில் எம்மாந்தூரம் எழும்பும் தெரியுமா? சமதரையில பாக்குறப்ப குழாய்க்கும் ஆக்சிலுக்கும் ஜாண் எடம் இருக்கும். மலையில மொத பள்ளத்துலயே ரெண்டும் முட்டிக்கும். அதனால பின்சக்கரம் ஒண்ணைப் பெரிய கல்லு மேல ஏத்தி நிறுத்தி, கீழ படுத்துப் பாரு. அப்புறம் அடுத்த சக்கரத்தை ஏத்திப் பாரு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டு முன்னாடிக்கும் ஒண்ணு போவுது, மறந்துடாத. அது சுத்துற வழியில குழாய் வரக் கூடாது. பிரேக் பைப்பு, ஒயரு, டீசல் டேங்கு, மூணுகிட்டயும் எடம் விடு. எடம் இல்லன்னா நடுவுல தகடு வையி.

மாட்டி முடிச்சதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தெறந்த எடத்துல நிறுத்து. ஆறி இருக்கும்போதே ஜாயிண்டுங்க மேல சோப்புத் தண்ணி தெளி. எங்க நொரை கெளம்புதோ அங்க ஒழுகுது. டர்போவுக்கு இந்தாண்ட ஒழுகினா இழுவை போச்சி. வண்டி நடுவுல எங்க ஒழுகினாலும் புகை உள்ள வரும். மேல தார்ப்பாய், பின்னாடி தெறப்பு, வண்டி ஓடும்போது புகையை உள்ளதான் இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலை வலிக்குதேன்னு கண்ணை மூடினவன் தெறக்க மாட்டான். அதனால வால் குழாயை வண்டிக்கு வெளிய முழுசாக் கொண்டாந்து விடு. ரெண்டு நாள் ஓட்டிட்டு போல்ட்டை எல்லாம் மறுபடி இறுக்கு. சூட்டுல எல்லாம் ரவ தளர்ந்திருக்கும்.

இன்னொண்ணு. வேனக் காலத்துல காஞ்ச புல்லு மேல வண்டியை நிறுத்தாத. ஏறி வந்த குழாய் அனல்ல இருக்கும். மலையில தீப் பிடிச்சா, அணைக்க எலை தழையை ஒடிச்சிக்கினு ஓடுறது நம்ம ஊரு பசங்கதான். வருஷத்துக்கு ஒரு வாட்டி மலை உச்சியில தீ ஏத்துறதுக்குச் சாமி இருக்குது. நீ அந்த வேலைக்கு மனு போடாத.

வேலை முடிஞ்சா இழுவை ஏறிச்சான்னு எப்பிடிப் பாப்ப? காதால பாக்காத. காது பொய் சொல்லும். சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரிதான் மனசுக்குத் தோணும். கடிகாரத்தால பாரு. மாத்துறதுக்கு முன்னாடியே ஜமுனாமரத்தூர் ஏத்தத்துல ஒரே ஆளு, ஒரே சுமை, ஒரே கியரு, கீழ இருந்து மேல வரைக்கும் எவ்வளவு நேரம்னு குறிச்சி வையி. டேங்கு ரொம்ப டீசல் போட்டு எவ்வளவு ஓடுதுன்னும் எழுதி வையி. மாத்தினதுக்கு அப்புறம் அதே மாதிரி ஏறிப் பாரு. நேரம் கொறைஞ்சிருந்தா உன் வேலை வேலைதான், நானே பாராட்டுவன். கொறையலன்னா, அந்தத் துட்டுக்கு நாலு நல்ல டயர் வந்திருக்கும்னு உன் பொண்டாட்டி சொல்லுவா. நான் சொல்ல மாட்டன், எனக்கு இன்னாத்துக்கு வம்பு?

சரி, எழுந்திரு. போய் வேலையைப் பாரு. கடைசிப் பரீட்சை நான் வைக்கிறன். எல்லாம் மாட்டி முடிச்சிட்டு ஒரு மத்தியானம் வண்டியை எடுத்துக்கினு எங்க வீட்டாண்ட வா. நான் சாப்புட்டுட்டு உள்ள படுத்திருப்பன். நீ தெரு முக்குல திரும்பும்போதே எனக்குத் தூக்கம் கலைஞ்சா, வேலை தப்பு. எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டு. வாசல்ல வந்து நின்னு, நீ ஆரன் அடிச்சப்புறம்தான் நான் முழிச்சன்னா, வேலை சரி. நான் அம்மாம் சீக்கிரம் முழிக்கிற ஆளு இல்ல, ரெண்டு வாட்டி அடி. சும்மா வராத, வேகவச்ச மல்லாட்டை ஒரு படி கொண்டா. பரீட்சைன்னா பீஸ் கட்டணுமில்ல?